தைக்காத கைலிகள்

ஐயா,

பர்மாவை அடித்த நர்கீஸ் புயலைப் பற்றி டிவியில் ஒரு ஆவணப்படம் பார்த்து மூன்று முறை அழுதேன். ஆனால் புயல், பிணம், முகாம் என்று படம் முடிந்துவிடுகிறது. பிறகு அந்த மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று ஏன் காட்டுவதில்லை? அப்படிக் காட்டிய படங்கள் இருந்தால் சொல்லுங்கள். (எங்கள் அத்தை அந்தப் புயலில் போகலே ஊரிலிருந்து தப்பி வந்தவர். இன்றும் காற்று பலமாக அடித்தால் பேத்தியின் இடுப்பில் கயிறு கட்டிவிடுவார். வீட்டில் எல்லோரும் சிரிப்போம்.)

ஒரு வாசகர், மோல்மேன்

தம்பி,

உங்கள் கண், உங்கள் தண்ணீர், அதில் எனக்கு ஒன்றும் சொல்ல இல்லை. கேமராக்காரர்களைத் திட்டவும் மாட்டேன். 2008 மே மாதம் செத்தவர்களும் காணாமல் போனவர்களுமாக சுமார் 1,38,000 பேர். அரசு டிவியிலோ தளபதிகள் நிவாரண மூட்டை கொடுக்கிற காட்சி. பிணத்தையாவது யாரோ படமெடுத்தார்களே.

ஆனால் நீங்கள் கேட்டது பல நாளாக எனக்குள் ஓடிக்கொண்டிருப்பது. 1952இல் வந்த பராசக்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். ரங்கூன் குடும்பம், ஜப்பான்காரன் குண்டு, ஒரு அண்ணன் காலை இழந்து பிச்சைக்காரனாகிறான். அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். இருந்தும் கடைசியில் எல்லோரும் ஒன்று சேர்ந்துவிடுகிறார்கள், சேர்த்துவைக்காவிட்டால் நம் சினிமாவுக்குத் தூக்கம் வராது. இந்தியாவுக்குக் கப்பல் ஏறாமல் இங்கே பர்மாவிலேயே தங்கிவிட்ட எங்களை எந்த ரீலில் சேர்ப்பது?

1964இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. இரண்டே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டு செல்லாது என்றார்கள். அதற்குப் பிறகு என் அம்மா ரொக்கத்தை ஒரு ராத்திரிகூட வீட்டில் தங்கவிட்டதில்லை. கையில் காசு வந்தால் கைலித்துணி வாங்கிவிடுவாள். "துணியை ரேடியோவுல செல்லாதுன்னு சொல்ல முடியாதுல்ல" என்பாள். எனக்கு எரிச்சலாக வரும். டியூஷன் எடுத்துச் சேர்த்ததை அவளுக்குத் தெரியாமல் காலேஜுக்குக் கட்ட வைத்திருந்தேன், மூன்று 75 கியாட் நோட்டு. 1987 செப்டம்பரில் 25, 35, 75 மூன்றும் செல்லாமல் போயின, மாற்றித் தருவதும் கிடையாது. அம்மா நோட்டுகளை வாங்கிப் பார்த்தாள். திட்டவில்லை. நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜையின் காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்துவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள். அவள் இறந்தபின் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். தைக்காத கைலி 43 இருந்தது, பாதி பூச்சி அரித்தது. இதை எந்த டைரக்டர் எடுப்பார்? குண்டு இல்லை, கப்பல் இல்லை, ஒருத்தரும் அழவுமில்லை.

சரி, இப்போது உங்களைத் திட்ட வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். யாரோ எடுக்காத படத்துக்காக இவ்வளவு வருத்தப்படுகிற நீங்கள், உங்கள் வீட்டுக் கயிற்றை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டீர்கள். சிரிப்போம் என்று வேறு எழுதுகிறீர்கள். என்ன சிரிப்பு அது? நானும் அந்த 43 கைலிக்குச் சிரித்தவன்தான், அதனால்தான் கேட்கிறேன்.

அடுத்த முறை காற்று அடிக்கும்போது அத்தை பக்கத்தில் போய் உட்காருங்கள். போனை வெளியே எடுக்க வேண்டாம். கயிற்றின் மறுமுனையை எங்கே கட்டுகிறார், தூணிலா, தன் இடுப்பிலா? பார்த்து எழுதுங்கள். படப்பட்டியல் அப்புறம் அனுப்புகிறேன்.