ஏகாக்கிரம் என்றால் எண்ணமே எழாத நிலையா?

"தியானத்தில் உட்கார்ந்தால் மனம் ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை, எனக்கு ஏகாக்கிரம் (மன ஒருமுகப்பாடு) வராதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயம் வரும். எண்ணமே எழக்கூடாது என்று மனத்தோடு மல்லுக்கட்டுவதுதான் பலரையும் சோர வைக்கிறது.

பதஞ்சலி யோக சூத்திரம் (3:12) தெளிவாகவே சொல்கிறது: அடங்கிய எண்ணமும் அடுத்து எழும் எண்ணமும் ஒரே மாதிரி இருப்பதே ஏகாக்கிரம். எண்ணம் ஓடலாம், அதன் பொருள் மாறக்கூடாது. ஓட்டமே அடங்குவது நிரோதம். அது இதற்கும் மேல்படி.

சரி, எப்படிப் பழகுவது? நீங்கள் திருமலையில் (இலங்கையின் திருகோணமலையில்) இருப்பது பெரிய கொடுப்பினை. கோணேசர் கோயிலில் கூட்டம் குறைந்ததும் ஓரமாக அமர்ந்து, 'நமசிவாய' என்று மனதுக்குள் மெதுவாகச் சொல்லுங்கள். கீழே பாறையில் அலை மோதிக்கொண்டே இருக்கும். அதை இடைஞ்சலாக நினைக்க வேண்டாம். சம்பந்தர் கோணமாமலையைப் பாடியதே அந்தக் குரைகடலோடு சேர்த்துத்தான். மனம் கோயிலுக்கு வரும் வழியிலுள்ள கோட்டை வாசல் மான்களிடமோ வீட்டுக் கடன் கணக்கிடமோ போய்விட்டால், திட்டாமல் மறுபடி 'ந'விலிருந்து தொடங்குங்கள். இப்படித் திரும்பக் கூட்டிவருவதுதான் பயிற்சியே.

ஆரம்பத்தில் பத்து நிமிடம் போதும். ஆனால் வாரத்துக்கு ஒரு மந்திரம் என்று மாற்றாதீர்கள். மனச் சிதறலுக்குப் பதஞ்சலி (1:32) தரும் மருந்து, ஒன்றையே விடாமல் பழகுவது.