கதவைப் பூட்டினால் தம்பியின் கோபம் தீருமா?

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. லேசான மனவளர்ச்சிக் குறைபாடு என்று சின்ன வயதிலேயே சான்றிதழ் வாங்கியிருக்கிறோம். சிவதாபுரத்தில் ஒரு கொலுசுப் பட்டறையில் எடுபிடி வேலை பார்த்து நன்றாகத்தான் இருந்தான். போன வருடம் அப்பா இறந்ததும் வேலைக்குப் போவதில்லை, அம்மாவை அடிக்கிறான், பக்கத்து வீட்டில் கல்லெறிகிறான். ஏற்காடு அடிவாரத்தில் ஓர் இல்லத்தில் பூட்டி வைத்து வைத்தியம் பார்ப்பார்களாம், அம்மா கையெழுத்துப் போட்டால் போதுமாம். சேர்க்கலாமா?
- வாசகி, குகை, சேலம்

பதில்: அவசரப்பட்டுச் சேர்க்காதீர்கள். அதற்காக அம்மா அடி வாங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, இன்றிலிருந்தே உறவினர் ஒருவர் உங்கள் வீட்டுக்கு வந்து துணைக்குத் தங்கட்டும்.

அப்பா போனதை அவருக்கு யாராவது உட்கார்ந்து புரியவைத்தீர்களா? துக்கம் அவருக்கும் நம்மைப் போலத்தான் வரும், சொல்லத்தான் வார்த்தை வராது. பல்வலி, மலச்சிக்கல், தூக்கமின்மை, குடிக்க வாங்கிக்கொடுத்து ஏவிவிடும் கூட்டாளிகள், இப்படி எதுவும் கல்லாக வெளியே வரலாம். கோபம் வருவதற்கு முன்னால் என்ன நடந்தது, யார் இருந்தார்கள், அப்புறம் என்ன ஆனது என்று இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி, அதோடு மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை கொடுத்தால் எதற்கு, எத்தனை நாளைக்கு என்று கேளுங்கள். ஆளைத் தூங்கவைப்பது வைத்தியம் ஆகாது.

கையெழுத்து விஷயத்தில் உங்களுக்குத் தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். 18 வயது தாண்டியவருக்குப் பெற்ற தாய்கூடத் தானாகவே சட்டப்படி காப்பாளர் ஆகிவிட மாட்டார். காப்பாளராக நியமிக்கக் கேட்டு, 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர் இடம்பெறும் மாவட்டக் குழுவிடம் மனு கொடுக்க வேண்டும், மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விவரம் கேளுங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் மனவளர்ச்சிக் குறைபாடு மட்டுமே இருந்தால் அதை மனநோயாகக் கருதுவதில்லை. மனநோயாளியைக்கூடச் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது அதே சட்டம்.

சிலருக்குக் கொஞ்ச காலம் காவலோடு கூடிய சிகிச்சை தேவைப்படலாம், மறுக்கவில்லை. ஆனால் இங்கிலாந்தில் பிரிஸ்டல் அருகே, இப்படிப்பட்டவர்களுக்காகவே நடந்த வின்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனையில் ஊழியர்கள் அவர்களை அடித்து இழுத்ததை 2011-ல் பிபிசி ரகசியக் கேமராவில் பிடித்தது. இடத்தையே மூடினார்கள், 11 பேருக்குத் தண்டனை கிடைத்தது. அதனால் எந்த இல்லமானாலும் நேரில் போய்க் கேளுங்கள்: உளவியலாளர் யார், கோபத்தை அடக்க என்ன கற்றுத்தருவீர்கள், சொல்லாமல் வந்து பார்க்கலாமா, தம்பி எங்களோடு போனில் பேசலாமா, எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் விட வேண்டாம்.

அந்தப் பட்டறைக்காரரையும் ஒருமுறை பாருங்கள், அரை நாள் வேலையாவது மறுபடி தருவாரா என்று.