ரம்பப் பல் டயர் போடலாமா?

கேள்வி: ஐயா, அப்பா ஓட்டிய 1991 மாடல் புல்லட் 350-ஐ பாபர் (bobber) என்கிற, வெட்டிக் குறைத்த பாணியில் மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஒற்றை சீட் போட்டாகிவிட்டது, பின் மட்கார்டையும் குட்டையாக வெட்டிவிட்டேன். இப்போது இரண்டு சக்கரத்திலும் 3.25-19 டயர். அதைக் கழற்றிவிட்டு, பழைய அமெரிக்க வண்டிகளில் இருக்கும் ரம்பப் பல் போன்ற வெட்டு (தரையில் படும் பள்ளக்கோடு) உள்ள டயரை 4.00-19 அளவில் முன்னும் பின்னும் போட ஆசை. நண்பர்கள் போடு என்கிறார்கள். மெக்கானிக் வேண்டாம் என்கிறார். உங்கள் யோசனை என்ன?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: தம்பி, நான் உங்கள் மெக்கானிக் பக்கம். ஆனால் ‘வேண்டாம்’ என்று மட்டும் சொல்லிவிட்டால் உங்கள் மனசு ஆறாது. காரணத்தையும் சொல்கிறேன், பதிலுக்கு என்ன போடலாம் என்பதையும் சொல்கிறேன்.

முதலில் அளவு. டயரில் 3.25 என்பது அகலம், 19 என்பது ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில். 3.25 அங்குலம் ஏறக்குறைய 82 மில்லிமீட்டர். 4.00 என்றால் 101. அதாவது ஒவ்வொரு பக்கமும் ஒன்பதரை மில்லிமீட்டர் கூடுகிறது. இந்த மாதிரி டயரில் உயரமும் அகலமும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால், மேலேயும் 19 மில்லிமீட்டர் வளர்ந்துவிடும். உங்கள் வண்டியில் அதற்கு இடம் இருக்கிறதா என்று பத்து ரூபாய் செலவில்லாமல் பார்த்துவிடலாம். இப்போதுள்ள பின் டயரின் பக்கவாட்டில், செயின் இருக்கும் பக்கம், பத்து மில்லிமீட்டர் தடிமனுக்குக் களிமண்ணை அப்புங்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டு சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். செயின் கவரோ, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மோ மண்ணை வழித்துக்கொண்டு போனால் அதுதான் விடை. அப்புறம் இரண்டு ஷாக் அப்சார்பரையும் கழற்றிவிட்டு, சக்கரத்தைக் கையால் மட்கார்டு வரை தூக்கிப் பாருங்கள். நீங்கள் வெட்டிக் குட்டையாக்கிய மட்கார்டு என்பதால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். நின்றிருக்கும் வண்டியில் இடம் தாராளமாகத் தெரியும். பள்ளத்தில் இறங்கும்போதுதான் டயர் போய் மட்கார்டு போல்ட்டில் உரசும்.

இரண்டாவது ரிம். உங்கள் ரிம்மின் உள் அகலம் 1.85 அங்குலம். 3.25 டயருக்கு அது அளவாக இருக்கும். 4.00-ஐ அதில் ஏற்றினால் டயரின் இரண்டு ஓரமும் உள்ளே கிள்ளப்பட்டு, நடுப்பகுதி கூம்பிக்கொள்ளும். நீங்கள் ஆசைப்பட்ட தடித்த, சதுரமான தோற்றமே கிடைக்காது. தோற்றத்துக்காகப் போட்டு, தோற்றமும் வராமல் போனால் காசு கொடுத்ததற்கு என்ன பலன்?

மீட்டரையும் சொல்லிவிடுகிறேன். புல்லட்டில் ஸ்பீடோமீட்டர் கேபிள் முன் சக்கரத்திலிருந்து வருகிறது. முன்னால் 4.00 போட்டால் சக்கரத்தின் சுற்றளவு கிட்டத்தட்ட 6 சதவீதம் கூடும். மீட்டர் 60 காட்டும்போது நீங்கள் 63, 64-ல் போய்க்கொண்டிருப்பீர்கள்.

இனி அந்த ரம்பப் பல். ஃபயர்ஸ்டோன் ‘டீலக்ஸ் சாம்பியன்’ என்ற பெயரில் அமெரிக்காவில் வந்த வெட்டு அது. அதே முகத்தோடு இப்போதும் டென்னசி மாநிலத்துக் கோக்கர் டயர் நிறுவனம் விற்கிறது. அழகில் குறையே சொல்ல மாட்டேன். கனமான பெரிய வண்டி, நீளமான நேர்ச்சாலை, அதற்கான முகம் அது. பழைய கார் டயர்போல மேல்பாகம் தட்டையாக இருக்கும். நேராகப் போகும்வரை சுகம். வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது தட்டைப் பகுதி முடிந்து ஓரத்தின்மேல் ஏறி நிற்கும். நம் ஊரில் கொடைக்கானல் மலைப்பாதை உங்களுக்கு ஒரு மணி நேரத் தூரம். மழை நாளில், கொண்டை ஊசி வளைவில், பஸ் சிந்திய டீசல்மேல் அந்த ஓரத்தை நம்பி நீங்கள் போவதை நான் விரும்பவில்லை.

நான் விழுந்த கதையையும் கேளுங்கள். 2006-ல் ஒரு கடையில் மூலையில் கிடந்த வெளிநாட்டு டயர் ஒரு ஜோடி கிடைத்தது. அளவு சரியாகத்தான் இருந்தது. ஓட்டவே இல்லை, அச்சிலிருந்து எடுத்தபோது இருக்கும் ரப்பர் முடிகூட உதிரவில்லை. கறுப்பு மின்னியது. வாங்கி மாட்டினேன். மூன்றாம் நாள் தூறல். கோயம்புத்தூரில் ஒரு ரவுண்டானாவில், இருபது இருபத்தைந்து வேகம்தான் இருக்கும், முன் சக்கரம் சத்தமே இல்லாமல் விலகிப் போனது. முட்டியும் உள்ளங்கையும் தேய்ந்ததோடு தப்பித்தேன். வண்டியை நிமிர்த்தும்போதுதான் டயரின் பக்கவாட்டை உற்றுப் பார்த்தேன். DOT என்று தொடங்கும் ஒரு வரிசை உண்டு, டயர் செய்த காலத்தை அதன் கடைசி எண்கள் சொல்லும். அங்கே 278 என்று மூன்று எண்கள். 2000-க்குப் பிறகு செய்த டயர் என்றால் நான்கு எண் இருக்கும். மூன்று எண் என்றால் அதற்கு முந்தியது. 27-ஆவது வாரம், எட்டில் முடியும் ஆண்டு. 1998 என்றே வைத்தாலும் எட்டு வயது ரப்பர். முடி உதிராத டயர் புது டயர் என்று நினைத்துவிட்டேன்.

சரி, உங்கள் வண்டிக்கு என்ன போடலாம்? புல்லட்டுக்கென்று சொந்தமாகவே ஒரு பழைய முகம் உண்டு. அது இங்கிலாந்தில் உருவான வண்டி. அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டிகளில் முன்னால் சுற்றிலும் நெடுங்கோடு ஓடும் ரிப் டயர், பின்னால் கட்டம் கட்டமான பிளாக் டயர். ஏவான் ‘ஸ்பீட்மாஸ்டர்’ முன்னால், அதே நிறுவனத்தின் ‘சேஃப்டி மைலேஜ்’ பின்னால் என்று ஜோடியாகப் போடுவார்கள். இது அழகுக்காக மட்டும் வந்த வழக்கம் அல்ல. முன் சக்கரம் திசை பிடிக்க வேண்டும், நெடுங்கோடு அதற்கு உதவும். பின் சக்கரம் தள்ள வேண்டும், பிரேக் போடும்போது நிற்க வேண்டும், குறுக்கு வெட்டு அதற்கு. இதே ரிப், பிளாக் ஜோடியை நம் நாட்டுத் தயாரிப்பிலேயே 3.25-19 அளவில் கேட்டு வாங்கலாம். பின்னால் கொஞ்சம் தடிமன் வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால் 3.50-19 போடுங்கள். பக்கத்துக்கு மூன்று மில்லிமீட்டர்தான் கூடும். அதற்கு மேல் போகாதீர்கள்.

உங்கள் வண்டி பிறந்த என்ஃபீல்டு தொழிற்சாலை திருவொற்றியூரில்தான். 1946-ல் பலூன் செய்யத் தொடங்கி, பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆன சிறு பட்டறையும் அதே திருவொற்றியூர். ஒரே ஊரில் பிறந்த வண்டியும் டயரும் சேர்ந்து ஓடிய மண் இது. அந்தச் சரித்திரத்தை உங்கள் வண்டி சுமக்கட்டும் என்று எனக்கு ஆசை.

புது டயர் மாட்டியதும் முதல் 150 கிலோமீட்டர் அடக்கி ஓட்டுங்கள். அச்சிலிருந்து வந்த வழவழப்பு போகும்வரை பிடிப்பு முழுசாக வராது.

கேள்வி: அப்பா காலமான பிறகு அவருடைய புல்லட்டை விற்க மனமில்லாமல் வைத்திருக்கிறேன். பத்து வருடத்துக்கு முன்பு அவரே மாற்றிய டயர், மாதம் ஒருமுறைதான் ஓடுகிறது. வெட்டு அப்படியே ஆழமாக இருக்கிறது. மாற்றித்தான் ஆக வேண்டுமா?
- வாசகி, காரைக்குடி

பதில்: மாற்றிவிடுங்கள், சகோதரி. சட்டப்படி இருசக்கர வாகன டயரில் வெட்டின் ஆழம் 0.8 மில்லிமீட்டர் இருந்தால் போதும். உங்களுடையதில் அதைப்போலப் பல மடங்கு இருக்கும். ஆனால் அந்தச் சட்டம் தேய்மானத்தை மட்டும் அளக்கிறது. வயது வேறு கணக்கு. காற்றை இறக்கிவிட்டு, டயரின் பக்கவாட்டைக் கட்டைவிரலால் அமுக்கி மடக்குங்கள். வெட்டுகளின் அடியில் தலைமுடி போல மெல்லிய விரிசல்கள் வாய் திறக்கும். ரப்பர் உலர்ந்துவிட்டதன் அடையாளம் அது. பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்கும் வண்டியில் இது சீக்கிரம் வரும்.

டயரோடு டியூபையும் மாற்றுங்கள். பழைய டியூப் நீண்டு பழகியிருக்கும், புது டயருக்குள் மடிந்து அந்த மடிப்பிலேயே கிழியும். ஸ்போக் முனைகளை மூடியிருக்கும் ரிம் டேப்பையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பஞ்சர் கடையில் அதை யாரும் தானாக எடுத்துச் சொல்வதில்லை. மாட்டும்போது பக்கத்தில் நின்று ஒன்றைக் கவனியுங்கள்: டயரின் பக்கவாட்டில், ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு சுற்றிலும் ஓடும். காற்று அடித்த பிறகு அந்தக் கோடு ரிம்மிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் அது உள்ளே மறைந்தால் டயர் சரியாக உட்காரவில்லை, குதித்துக்கொண்டே ஓடும். காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி அடிக்கச் சொல்லுங்கள்.

அப்பா போட்டிருந்த அதே வெட்டுள்ள டயரையே கேட்டு வாங்குங்கள். வண்டி அவர் விட்டுப்போன முகத்தோடு இருக்கும்.

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் நண்பர் பழைய பாணி டயரை வாங்கி அனுப்புகிறேன் என்கிறார். வாங்கலாமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: இந்தியாவில் விற்கும் இருசக்கர டயருக்கு ஐ.எஸ். 15627 தர எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும். 2020 ஜூனிலிருந்து புது டயர் இறக்குமதிக்கும் கட்டுப்பாடு இருக்கிறது. துறைமுகத்தில் மாட்டிக்கொண்டு கிடந்தால் அங்கேயே அதற்கு வயதாகும். முத்திரை இல்லாத டயரோடு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்களிடம் வாதாடும் நிலை வேறு வரும். வேண்டாம்.

கேள்வி: டயரின் பக்கவாட்டில் வெள்ளை பெயின்ட் அடித்தால் பழைய கார் டயர்போல இருக்குமா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: ஒரு வாரம் இருக்கும். கதவுக்கு அடிக்கும் எனாமல் பெயின்ட் காய்ந்து கெட்டியாகும், டயரோ ஓடும்போது நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான தடவை வளைந்து நிமிரும். பெயின்ட் செதில் செதிலாக உதிரும், அதில் கலக்கும் தின்னர் ரப்பருக்கும் நல்லதல்ல. ஏற்கெனவே அடித்திருந்தால் தின்னர் ஊற்றித் துடைக்காதீர்கள். சோப்புத் தண்ணீரும் தேங்காய் நாரும் போதும், இரண்டு மூன்று நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயுங்கள்.