அமெரிக்க உணவுப் பாதுகாப்புச் சட்டங்கள் எங்கே முட்டுகின்றன? – கேள்வி பதில்

கே: உணவால் நோய் பரவாமல் தடுக்க 2011-ல் வந்த சட்டம், எல்லாருக்கும் நல்லது செய்யும் சட்டம். இதைப் போய் யார் சார் எதிர்ப்பார்கள்?

ப: வெளிப்படையாக எதிர்ப்பவர்கள் குறைவு, நடைமுறைதான் எதிரி. 2009 ஜூலையில் கீழவை இதற்கான தன் மசோதாவை நிறைவேற்றியது. மேலவையான செனட் தன்னுடையதை நிறைவேற்ற 2010 நவம்பர் 30 ஆகிவிட்டது. வாக்கு 73–25. இவ்வளவு ஆதரவு இருந்தும், டாம் கோபர்ன் என்ற ஒரே உறுப்பினர் ‘ஐந்தாண்டுச் செலவு 140 கோடி டாலருக்குப் பணம் எங்கே?’ என்று மாதக்கணக்கில் நிறுத்திவைத்தார். அங்கே ஒருவர் ஒப்புதல் மறுத்தாலே அவை நேரம் நாள்கணக்கில் கரையும்.

கூத்து அதற்குப் பிறகுதான். செனட் மசோதாவில் கட்டணப் பிரிவு இருந்தது. வருவாய் மசோதா கீழவையில்தான் பிறக்க வேண்டும் என்பது அரசியல் சாசனம். ஆகவே அது செல்லவில்லை. கடைசியில், பழைய கார் மானியத்துக்கான ஒரு கீழவை மசோதாவைக் காலி செய்து, அதன் எண்ணுக்குள் இதை நுழைத்தார்கள். டிசம்பர் 19 செனட், 21 கீழவை, 2011 ஜனவரி 4 ஒபாமா கையெழுத்து. எந்த மசோதாவானாலும் முதலில் பணப் பிரிவைப் படியுங்கள்.

கே: கெட்ட இறைச்சியைத் திரும்பப் பெறச் சொல்லி அரசு உத்தரவிடலாமா?

ப: முடியாது. 2011 சட்டம் அந்த அதிகாரத்தை எஃப்டிஏவுக்குத்தான் (உணவு, மருந்து நிர்வாகம்) தந்தது. இறைச்சி வேளாண் துறையிடம் இருக்கிறது. அத்துறை தன் ஆய்வாளர்களை விலக்கிக்கொள்ளலாம். ஆய்வு முத்திரை இல்லாமல் ஆலை விற்க முடியாது. அதனால்தான் நிறுவனங்கள் ‘தாமாக’த் திரும்பப் பெறுகின்றன.

கே: எஃப்டிஏ, வேளாண் துறை இரண்டின் உணவு ஆய்வையும் ஒன்றாக்கினால் என்ன?

ப: சீஸ் பீட்சா எஃப்டிஏ, பெப்பரோனி என்ற இறைச்சித் துண்டு போட்டால் வேளாண் துறை. கேலிதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நாடாளுமன்றக் குழு. எந்தத் தலைவர் தன் ஆளுகையை விட்டுக்கொடுப்பார்?

கே: இந்தச் சட்டத்தின் விதிகளிலிருந்து சிறு பண்ணைகளுக்கு விலக்கு கொடுத்தது சரியா?

ப: சரிதான். செனட் உறுப்பினர் ஜான் டெஸ்டரின் திருத்தத்தின்படி மூன்றாண்டுச் சராசரி விற்பனை 5 லட்சம் டாலருக்குக் கீழே இருக்க வேண்டும். பாதிக்கு மேல் நுகர்வோருக்கோ, அதே மாநிலம் அல்லது 275 மைலுக்குள் உள்ள கடை, உணவகத்துக்கோ நேரடியாகப் போக வேண்டும்.

கே: கிருமிக்குப் பண்ணையின் அளவு தெரியுமா ஐயா?

ப: தெரியாது. பெரிய காய்கறி விவசாயிகள் சங்கங்களும் இதையே சொல்லித்தான் ஆதரவை விலக்கிக்கொண்டன. ஆனால் பதிவேடும் பரிசோதனையும் பத்து ஏக்கருக்கும் பத்தாயிரம் ஏக்கருக்கும் கிட்டத்தட்ட ஒரே செலவு.

கே: செலவைக் காரணம் காட்டினால் பெரியவர்களும் நாளை அதையே சொல்வார்களே?

ப: சொல்வார்கள், சொல்கிறார்கள். அதனால்தான் நோய் நேரடியாக அந்தப் பண்ணையிலிருந்து பரவியது தெரிந்தால் விலக்கை ரத்து செய்ய எஃப்டிஏவுக்கு இடம் வைத்தார்கள். வரம்பே இல்லாத விலக்கைத்தான் நான் எதிர்ப்பேன்.

கே: சட்டம் வந்தும் ஏன் மந்தம்?

ப: ஆலைக்கு ஆண்டுக்கு 500 டாலர் பதிவுக் கட்டணம் என்ற கீழவை யோசனை செனட்டில் ஏறவில்லை. எனவே ஆய்வுக்கான பணம் ஆண்டுதோறும் ஒதுக்கீட்டுக் குழுவின் தயவு. பணப் பிரிவு என்றேனே! அபாயம் மிகுந்த ஆலைக்கே மூன்றாண்டுக்கு ஒரு ஆய்வுதான் கட்டாயம். உணவின் தடம் காணும் விதி 2022 நவம்பரில் இறுதியாகி, 2026 ஜனவரியில் அமலாக வேண்டியது. 2028 ஜூலைக்குத் தள்ள 2025-ல் முன்மொழிந்தார்கள். கோழி இறைச்சியில் சால்மொனெல்லா என்ற கிருமியைக் கட்டுப்படுத்தும் 2024 விதி வரைவை 2025 ஏப்ரலில் வேளாண் துறையே திரும்பப் பெற்றது.

கே: ஒரே அமைப்பாக மாற்றலாமே?

ப: மேலே பீட்சாவைப் பாருங்கள்.

கே: நேற்று சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை...

ப: மருத்துவரிடம் போங்கள்.