200 விண்ணப்பம் போட்டும் அழைப்பு வரவில்லையா?

ஆறு மாதத்தில் 200 இடங்களுக்கு மேல் விண்ணப்பித்துவிட்டாள், இரண்டே இரண்டு அழைப்புதான் வந்தது, இனி என்னதான் செய்யச் சொல்வது என்று உங்கள் மகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். படிக்கும்போதே மனசு கஷ்டமாக இருந்தது. அவள் உழைப்பில் ஒரு குறையும் இல்லை. அந்த 200-ஐ உட்கார்ந்து பிரித்துப் பார்க்க அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

முதலில் எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று பாருங்கள். அழைப்பே வராவிட்டால் கோளாறு ரெஸ்யூமில் இருக்கும், இல்லையென்றால் தேர்ந்தெடுக்கும் வேலைகளில் இருக்கும். அழைப்பு வந்து முதல் சுற்றோடு முடிந்துவிட்டால் பேசும் விதத்தைக் கவனிக்க வேண்டும். உங்கள் மகளுக்கு வாசலிலேயே நின்றுவிடுகிறது. அதனால் நேர்காணல் பயிற்சி வகுப்புக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். அதற்கு இன்னும் வேளை வரவில்லை.

நீங்கள் அனுப்பிய ரெஸ்யூமைப் பார்த்தேன். எல்லா நிறுவனத்துக்கும் அதே ஒன்றுதான் போயிருக்கிறது. முதல் வரியில், சவாலான பணியில் சேர்ந்து திறமையை வளர்த்துக்கொள்ள விரும்புவதாக எழுதியிருக்கிறாள். அவளுக்கு என்ன வேண்டும் என்பது அதில் தெரிகிறது. ஆள் எடுப்பவர் தேடுவது தன் வேலையை முடித்துத்தர ஒருவரை.

மாணவர்களுக்கு நான் அடிக்கடி சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. 1480-களில் லியனார்டோ டா வின்சி, மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை கேட்டு எழுதிய கடிதத்தின் வரைவு இன்றும் இருக்கிறது. ஓவியராகப் பயின்றவர் அவர். ஆனாலும் எளிதில் தூக்கிச் செல்லும் பாலம் கட்டுவேன், கோட்டையைத் தகர்க்க வழி தெரியும், பீரங்கி செய்வேன் என்றுதான் வரிசையாகச் சொல்கிறார். ஓவியத்தைப் பற்றிய பேச்சு கடைசிப் பகுதியில்தான் வருகிறது. படிக்கப்போகிறவருக்கு எது தேவை என்று யோசித்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறார்.

உங்கள் மகளும் அதையே செய்யலாம். விளம்பரத்தில் அவர்கள் கேட்கும் வேலைகளை அடிக்கோடிடட்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே, தான் செய்த ஏதாவது ஒன்றை எழுதட்டும். ‘குழுவாகப் பணியாற்றும் திறன்’ என்பதை எல்லாரும் எழுதுகிறார்கள். ‘நான்கு பேர் சேர்ந்து செய்த கடைசி ஆண்டு ப்ராஜெக்டில் டேட்டாபேஸ் பகுதி முழுவதும் என் பொறுப்பு’ என்று எழுதினால் நேர்காணலில் அதைப் பற்றியே கேள்வி வரும், அவளும் தயங்காமல் பதில் சொல்வாள். தெரியாததைத் தெரியும் என்று மட்டும் எழுதவே கூடாது. கேட்டவை ஐந்தில் மூன்று இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். பலர், அதிலும் நன்றாகப் படித்த பிள்ளைகள், அந்த இரண்டு இல்லையே என்று தாங்களாகவே ஒதுங்கிவிடுகிறார்கள்.

இன்னொன்று. பெரிய நிறுவனங்கள் பலவற்றில் ரெஸ்யூம் முதலில் ஒரு மென்பொருளுக்குள்தான் போகிறது. பக்கத்தை இடம் வலமாக இரண்டாகப் பிரித்த வடிவம், கட்டங்கள், படமாக வைத்த எழுத்து இதையெல்லாம் அது தப்பாகப் படித்துவிடலாம். அவளுடைய ரெஸ்யூம் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்த மூன்றுமே அதில் இருக்கின்றன. மேலிருந்து கீழாக ஒரே வரிசையில் போகும் சாதாரண வடிவம் போதும்.

அப்புறம், வலைத்தளங்களில் விண்ணப்பிப்பதோடு நின்றுவிடக் கூடாது. வேலைத் தகவல் நெருங்கிய உறவுகளைவிட ஓரளவு அறிமுகமானவர்கள் வழியாக அதிகம் வருகிறது என்று மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-லேயே எழுதினார். லிங்க்ட்இன் என்ற தொழில் தொடர்பு வலைத்தளத்தில் 2 கோடி பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2022-ல் சயின்ஸ் இதழில் வந்தது, அதுவும் ஏறக்குறைய இதையே சொன்னது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். தள்ளி இருப்பவருக்கு வேறு செய்தி தெரியும். கல்லூரியில் இரண்டு வருடம் முன்னால் படித்தவர், இன்டர்ன்ஷிப்பில் வேலை சொல்லிக்கொடுத்தவர் போன்றவர்களுக்கு அவள் எழுதட்டும். ‘வேலை இருக்கிறதா’ என்று கேட்டால் ‘இல்லை’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ‘உங்கள் வேலையைப் பற்றி 15 நிமிடம் பேசலாமா’ என்று கேட்டால் பலர் சரி என்பார்கள்.

வேலை தருகிறேன் என்று சொல்லிப் பதிவுக்கட்டணமோ டெபாசிட்டோ கேட்பவரிடம் பேச்சையே வளர்க்க வேண்டாம். தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதுதான் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1997 உடன்படிக்கையின் பொது விதி. ஆறு மாதம் காத்திருந்து களைத்தவர்கள்தான் இதில் எளிதாக மாட்டிக்கொள்கிறார்கள்.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். தினமும் மாலையில் ‘ஏதாவது வந்ததா?’ என்று கேட்பதாக எழுதியிருந்தீர்கள். அக்கறையில்தான் கேட்கிறீர்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கேள்விக்கு ‘வந்தது’ என்று சொல்வதற்காகவே அவள் கண்ணில் பட்டதற்கெல்லாம் விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது. வாரத்தில் ஒரு நாள் மட்டும் பேசுங்கள். எங்கே, எந்தத் தேதியில், எந்த ரெஸ்யூமை அனுப்பினாள், என்ன பதில் வந்தது என்று அவள் ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். ஒரு மாதத்தில் 15 விண்ணப்பம் போதும். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு அவளையே என்னிடம் வரச் சொல்லுங்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிறோம்.