ஸ்டென்சில் ஏன் திட்டுத் திட்டாக ஒட்டுகிறது?

"டாட்டூ ஸ்டென்சில் தோலில் திட்டுத் திட்டாக ஒட்டுகிறது, குத்த ஆரம்பித்து இரண்டு தடவை துடைத்ததும் கோடே காணாமல் போகிறது, எந்த ஜெல் நல்லது?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்டென்சில் என்பது குத்தப்போகும் படத்தை ஊதா மையில் எடுத்த தாள். ஜெல் தடவிய தோலில் அதை ஒட்டி உரித்தால் கோடு தோலில் இறங்கும், அதன் மேல்தான் குத்துவோம். ஜெல்லை மாற்ற வேண்டாம். கையில் இருப்பதையே பாதியாகக் குறைத்துப் பாருங்கள்.

நான் மதுரைக்காரன், மொரீசியஸில் ரோஸ் ஹில்லில் ஒரு சின்னக் கடையில் டாட்டூ குத்துகிறேன். இங்கே ஜனவரி, பிப்ரவரிதான் நல்ல வெயில் காலம், புழுக்கம் வேறு. தைப்பூசக் காவடி முடிந்த கையோடு வேல் படத்தை டாட்டூவாகக் குத்திக்கொள்ளப் பலர் வருவார்கள். நான் சேர்ந்த புதிதில் அப்படி ஒரு பையன் வந்தான். மேல் கையில் ஸ்டென்சிலை ஒட்டி எடுத்தால் வேலின் இலைப்பகுதி பளிச்சென்று இருக்கிறது, தண்டு பாதிக்கு மேல் இல்லை. இன்னும் கொஞ்சம் ஜெல் தடவி மறுபடி ஒட்டினேன். இந்தத் தடவை ஊதா மை வழிந்து, தண்டு கம்பளிப்பூச்சி மாதிரி ஆகிவிட்டது. அப்புறம்தான் கேட்டேன்: காலையில் கடற்கரைக்குப் போயிருந்தானாம், கை முழுக்க சன்ஸ்கிரீன். கடை முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "டூஸ்மா, தம்பி, டூஸ்மா" என்றார். கிரியோலில் 'மெதுவாக' என்று அர்த்தம். நான் அவசரப்பட்டதை அந்த ஒரு சொல்லிலேயே சொல்லிவிட்டார்.

ஸ்டென்சில் தாளில் இருக்கும் ஊதா மையைக் கரைத்துத் தோலுக்கு இறக்குவதுதான் ஜெல்லின் வேலை. கூடினால் மை வழியும், கோடு தடிக்கும். எண்ணெயோ வியர்வையோ குறுக்கே இருந்தால் மை தோலைத் தொடவே தொடாது. ஆகவே முதலில் சோப்புத் தண்ணீர் போட்டு மழியுங்கள். முடியே இல்லை என்று தோன்றினாலும் மழியுங்கள், பூனைமுடி போதும் கோட்டை உடைக்க. பிறகு ஆல்கஹாலால் துடைத்து, அது முழுக்கக் காயும் வரை காத்திருங்கள். ஈரத்தின் மேல் ஜெல் போட்டால் பட்ட பாடெல்லாம் வீண். பட்டாணி அளவு ஜெல், புதுக் கையுறை. பளபளப்பு போய், தொட்டால் விரலில் லேசாகப் பிசுக்கென்று ஒட்டும் வரை தேயுங்கள். அந்தப் பிசுக்கு வந்த பிறகுதான் தாள். (முன்பெல்லாம் ஜெல்லுக்குப் பதிலாக டியோடரன்ட் கட்டியை நேரே தோலில் தேய்ப்பார்கள். ஒருவர் மேல் தேய்த்ததை இன்னொருவர் மேல் தேய்ப்பது அசிங்கம் மட்டுமல்ல, ஆபத்தும்கூட.)

தாளை நடுவில் வைத்து ஓரம் நோக்கி அழுத்துங்கள், இழுக்காதீர்கள். நான் இரண்டு மூன்று நிமிடம் அப்படியே விட்டுத்தான் உரிப்பேன். உரித்த பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் யாரும் தொடக் கூடாது. மழை நாளென்றால் ஃபேனைப் போட்டு இன்னும் கொஞ்சம் விடுவேன். வாடிக்கையாளர் பொறுமை இழப்பார், தேநீர் கொடுங்கள்.

வைக்கும்போது ஆளை நிமிர்ந்து நிற்கச் சொல்லுங்கள், கை இயல்பாகத் தொங்கட்டும். மேசையில் கையை முறுக்கி வைத்து ஒட்டிய நேர்க்கோடு, எழுந்து நின்றதும் சாய்ந்துவிடும். கண்ணாடியில் அவரே பார்த்து சரி சொல்லட்டும். கோணல் என்று பட்டால் கூச்சப்படாமல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் புதுத் தாளில் ஆரம்பியுங்கள். ஒரு தடவை ஒட்டிய தாளில் மறுபடி சரியாக ஒட்டும் அளவுக்கு மை மிச்சம் இருக்காது.

துடைத்ததும் அழிவதற்குப் பெரும்பாலும் நம் கைதான் காரணம். வலக்கைக்காரர் என்றால் கீழே வலது மூலையில் தொடங்கி மேலே போங்கள், அப்போது துடைக்கும் கை குத்தாத கோட்டின் மேல் போகாது. டிஷ்யூவைத் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். மேலே மெல்லிசாக வாசலின் பூசினால் கோடு இன்னும் தாங்கும்.

தமிழ் எழுத்தென்றால் இன்னொரு தொல்லை. இங்கே ரூபாய் நோட்டிலேயே தமிழ் இருக்கிறது, ஆனால் எழுத்து தெரியாமலே அம்மா பெயரைக் குத்திக்கொள்ள வருகிறவர்கள் நிறைய. கணினியில் அமைப்பு சரியில்லாவிட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகப் பிரிந்து நிற்கும். அதனால் அச்சடித்ததை ஸ்டென்சில் ஆக்கும் முன் தமிழ் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அதைவிட மோசம் புள்ளி. மை வழிந்தால் பக்கத்துக் கோட்டோடு ஒட்டிக்கொள்ளும், ஜெல் குறைந்தால் தோலில் இறங்கவே இறங்காது. தாளை உரித்ததும் நான் முதலில் எண்ணுவது புள்ளிகளைத்தான். விட்டுப்போயிருந்தால் தோலில் வரையும் மார்க்கரால் வைத்துவிடுவேன்.

போன வருடம் ஒரு அக்கா வந்தார். வேறெங்கோ குத்தியது, மணிக்கட்டில் அழகான எழுத்தில் 'அமமா'. எட்டு வருடமாக அப்படியே இருந்திருக்கிறது, யாரும் சொல்லவில்லை. ஒரே ஒரு புள்ளிதான் வேலை. காசு வாங்கவில்லை.