எந்தத் தாலமி?

கேள்வி: "கிளியோபாட்ராவின் வம்சத்தில் வந்த எகிப்து மன்னர் தாலமி, நம் முசிறியையும் கொற்கையையும் பற்றி எழுதியிருக்கிறார்" என்று கல்லூரிப் பேச்சுப் போட்டியில் சொன்னேன். நடுவர் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். இது நியாயமா?
- ஒரு மாணவர், விழுப்புரம்

பதில்: நியாயம்தான். ஊர்கள் சரி, ஆள் தவறு.

எகிப்தை ஆண்ட தாலமிகள் பதினைந்து பேர். முதலாமவர் அலெக்சாண்டரின் தளபதி, கி.மு. 305இல் அரசர் ஆனவர். கடைசித் தாலமி, கிளியோபாட்ராவின் மகன் சிசேரியன். கி.மு. 30இல் தாய் இறந்தார், பையனையும் கொன்றார்கள், வம்சம் முடிந்தது. முதலாம், இரண்டாம் என்ற எண்ணெல்லாம் பிற்கால வரலாற்றாசிரியர்கள் போட்டது. அந்தக் காலத்தில் அடைமொழியை வைத்துத்தான் பிரித்துச் சொன்னார்கள். நம் நெடுஞ்செழியன்களில் ஒருவர் 'ஆரியப்படை கடந்த', இன்னொருவர் 'தலையாலங்கானத்துச் செருவென்ற' என்பதைப் போல. எட்டாம் தாலமிக்கு ஊர் வைத்த பெயர் 'தொப்பைக்காரன்'!

நீங்கள் சொல்ல நினைத்தவர் கிளாடியஸ் தாலமி. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த வானியல் அறிஞர். கிளாடியஸ் என்பதே ரோமானியப் பெயர். கி.பி. 133 மே மாதம் தான் கவனித்த ஒரு சந்திர கிரகணத்துக்கு அவர் எப்படித் தேதி போடுகிறார் தெரியுமா? 'ஹேட்ரியனின் 17ஆம் ஆண்டு.' ஹேட்ரியன் ரோமப் பேரரசர். தாலமியே மன்னராக இருந்திருந்தால் தன் ஆட்சியாண்டை அல்லவா எழுதியிருப்பார்?

பெரிய கைகளும் இதில் தவறியிருக்கின்றன. வாடிகன் சுவரில் ஓவியர் ரஃபேல் வரைந்த தாலமியைப் பாருங்கள். நமக்கு முதுகைக் காட்டி, கையில் உருண்டையோடு நிற்கிறார். தலையில் கிரீடம்! பெயர் ஒன்றாக இருந்ததால் வந்த கிரீடம் அது.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்றால், கிரீடம் வைத்ததும் அவருடைய உழைப்பு கண்ணில் படாமல் போய்விடுகிறது. தனக்கு முன் வாழ்ந்த புவியியல் அறிஞர், தீர் நகரத்து மரினஸ் தொகுத்ததையும், கடலோடிகளும் வணிகர்களும் சொன்னதையும் ஒப்பிட்டு, ஆயிரக்கணக்கான ஊர்களுக்கு அட்சரேகை, தீர்க்கரேகை கணக்கிட்டு எழுதியவர் அவர். 'மொதூரா, பாண்டியனின் இருக்கை' என்று நம் மதுரையும், 'கோல்கோய்' என்று கொற்கையும், 'கபேரிஸ்' என்று காவிரிப்பூம்பட்டினமும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

அடுத்த மேடையில் இதையே பேசுங்கள், விடாதீர்கள். பெயரை மட்டும் முழுதாகச் சொல்லுங்கள்: கிளாடியஸ் தாலமி.